எடுத்துக் கொடுக்காத பேர்

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல மூடி வச்சிருக்கேன். சூடு பண்றேன்னு அடுப்புப் பக்கம் போயிடாதீங்க. வண்டிச் சாவியைத் தேட வேண்டாம், என் பையில இருக்கு. அந்தத் தலையில இன்னொரு அடி பட்டா தாங்காது. டாக்டர் சொல்ற வரைக்கும் தர மாட்டேன், நீங்க எவ்வளவு கத்தினாலும் சரி.

பதினோரு மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வருவாங்க. "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. தலைவலியைச் சொல்லுங்க.

நேத்து சாப்பிடும்போது நான் வீம்புக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கல. நீங்க வார்த்தை தேடும்போது நாங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது, தானா வரணும்னு அவங்கதான் சொன்னாங்க. என் பேர் வராம, வழியில போற பொம்பளையைக் கூப்பிடற மாதிரி "இந்தாம்மா"ன்னு கூப்பிட்டீங்களே, என் பேர் எனக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நீங்க தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க.

வெளிச்சம் கண்ணைக் கூசினா திரையை இழுத்து விட்டுக்குங்க.

இன்னொண்ணு. கீழே பேர் எழுதாம வேணும்னேதான் விட்டிருக்கேன். சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவேன். "யாரு"ன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேன். நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன்.