ஈஸ்டருக்கு ஒரு வெள்ளைச் சட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? என் வாண்டுக்கு இரண்டு பல் வந்துவிட்டது, எதைக் கண்டாலும் கடிக்கிறான். அவனைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ விட்டுப்போன புது விசுவாசிகள் வகுப்பை நான்தான் எடுக்கிறேன். ஆகமன காலத்தில் காத்திருப்போம், கிறிஸ்துமஸில் பிறப்பார், லெந்து நோன்பு நாட்களில் அழுவோம், ஈஸ்டரில் சிரிப்போம் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தேன். முதல் பெஞ்சில் ஒரு தையல்காரி. வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்து ஞானஸ்நானம் எடுத்தவள். லெந்துக்கு ஆலயத்தில் தொங்கும் ஊதாத் திரையைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். லெந்து தொடங்கிய வாரம் அவள் பையன் காய்ச்சலில் போய்விட்டான். நம் வாண்டு வயதுதான். நம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். சாமிய மாத்தினியே, என்னத்தடி கண்டே என்று மாமியார் குழியருகிலேயே கேட்டாளாம்.

அவள் அடுத்த வகுப்புக்கே வந்துவிட்டாள். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடுவோம் என்றேன். அங்க எதுக்கு டீச்சர், பாட்டு கேக்க யாரு இருக்கா என்று வகுப்புக்கு வரும் டிரைவர் அண்ணன் கிண்டலடித்தார். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பதுதானே நம் நம்பிக்கை, அதற்குத்தான் என்றேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

நேற்று அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தாள். ஈஸ்டருக்குப் பலிபீடத்தில் விரிக்கும் வெள்ளைத் துணியில் மிச்சம் இருக்கிறதாம். பையனுக்கு ஒரு சட்டை தைக்கணும், இந்நேரம் வளந்திருப்பான், பழைய அளவு பத்தாது, வாண்டு மேல அளந்துக்கிறேன் டீச்சர் என்றாள். எதற்கு என்று கேட்டேன். விடியக்காலம் குளிருமே, வெறும் உடம்போடயா தூக்கிட்டு வர்றது என்றாள்.

அக்கா, அவள் நாடாவை வாண்டின் மார்பில் சுற்றினபோது அவன் சிரித்தான். நான் அவனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கூச்சம் போல என்று அவளே சொல்லிக்கொண்டு அளவைக் குறித்துக்கொண்டாள்.

ஆயரிடம் ஓடினேன். பண்டிகை முடியட்டும்மா, தானா தெளிஞ்சிடுவா என்கிறார். பண்டிகையைத்தானே ஐயா அவள் நம்பியிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த விடியலில் மண் அசையாமல் கிடக்கும். அவள் கையில் சட்டையோடு நிற்பாள். சுற்றி நாங்கள் அல்லேலூயா பாடிக்கொண்டிருப்போம்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் சட்டையை வாண்டுக்குப் போட்டுப் பார்க்கக் கொண்டுவருகிறாள். அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். உயிர்த்தெழுதல் பொய்யில்லை, ஆனால் இந்த ஞாயிறு இல்லை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? எழுதி அனுப்பு. போனில் என்றால் அழுதுவிடுவேன்.

கர்த்தர் உன் பிள்ளைகளைக் காக்கட்டும். என் பிள்ளைக்கும் அதை நீயே ஜெபத்தில் கேள். அவள் பிள்ளை மண்ணுக்குள் கிடக்க, அவளுக்குத் தெரியாமல் அதைக் கேட்க எனக்குக் கூசுகிறது.

உன் தங்கை