பதினேழு தடவை திறந்த மூடி

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறி வாங்கி, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, நீ வைப்பதுபோல் கெட்டியாக ஸ்டூ வைத்தேன். தக்காளி வதங்கும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கொதி வந்ததும் கை பரபரத்தது. ரேடியோ ரிப்பேர்காரன் கை அல்லவா, மூடியிருப்பதைத் திறந்து பார்க்காமல் அடங்காது. நீ இருந்தால் கரண்டியால் ஒரு போடு போட்டு, “சும்மா இருய்யா, அது தானா வேகும்” என்பாய். அன்று பதினேழு தடவை திறந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வற்றி அடிபிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டேன். மூன்று நாளைக்கு வந்தது.

உன் சிநேகிதி உனக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் இதே கைதான். அதெல்லாம் இப்போது எதற்கு.

அவள் மறுபடியும் எழுதியிருக்கிறாள். பத்து நாளாக ரொட்டி டப்பாமேல் கிடக்கிறது. உறை ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. நம்பாவிட்டால் நேரில் வந்து பார்த்துக்கொள்.

கை சும்மா இருக்காத
உன் வீட்டுக்காரன்