எகிப்து வாசலும் இண்டஸ் பிளாக்கும்

ஃபினாயில் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு உன் நினைவு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே, மல்லிகை மணத்தோடு நினைக்கப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களால் யாருக்கு என்ன பயன்? இன்று காலை திருப்பதிப் பேருந்து நிலையத்தில் அந்த நெடிதான் என்னை நிறுத்தியது.

தாராளமயம் வந்த புதிது. சத்தியவேடு சாலையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை; பொறியாளராகத் தனியாக நீ ஏற்ற முதல் கட்டடம். முதலாளி வெளிநாடு போய் எகிப்தோடு திரும்பியிருந்தார். சாய்சுவர் வாசலும் தாமரைத் தூண்களும் வேண்டுமாம். பண்டைய வரலாறு படித்தவள் என்று தூணின் வடிவம் கேட்க என்னிடம் வந்தாய். வரைபடத்தில் பெண்கள் கழிவறை வரிசையைச் செலவு அதிகம் என்று அவர் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

பக்கத்து ஊரான பாலசமுத்திரத்துத் தாய்மார்கள் உன்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: “ஒதுங்க எடம் இல்லாத எடத்துக்கு வயசுப் பொண்ண எப்டிம்மா அனுப்பறது? ஊட்லயே கெடக்கட்டும்.” நீ தூண்களைக் குறைக்கச் சொன்னாய். “பாக்க வர்றவன் தூணப் பாப்பானா, கக்கூசப் பாப்பானா?” என்றார் முதலாளி.

என் மேசையிலேயே அந்தப் பகுதியைப் புதிதாக வரைந்து, ‘இண்டஸ் பிளாக்’ என்று பெயர் எழுதினாய்.

“என்னடி இது?”

“உன் சிந்துவெளிதான். குளிக்கிற ரூமு, மூடின சாக்கடை, எல்லாம் இருந்துச்சின்னு நீதான சொல்லிக்கினு திரியற?”

“எகிப்து வாசலுக்குள்ள சிந்துவெளியா? படிச்சவன் பாத்தா சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். தண்ணி ஒழுங்கா போவுதான்னு பாக்கச் சொல்லு.”

“இதுவும் பழசாம்மா?” என்று மட்டும் கேட்டார் முதலாளி. “எகிப்து மாரியே பழசு சார்” என்றாய். கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது எகிப்து இடிபட்டது. முதலாளியும் மாறினார். பிளாக் நிற்கிறது. சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். ஓர் இளம்பெண் தையல் எந்திரத்தை விட்டு எழுந்து, மேற்பார்வையாளரிடம், “மேடம், இண்டஸுக்குப் போய்ட்டு வரேன்” என்றாள். திரும்பி வந்ததும், இண்டஸ் என்றால் என்னவென்று கேட்டேன்.

“பாத்ரூம்தான் ஆயா. எங்கம்மா இங்க வேலை செஞ்சப்பவே அதான் பேரு.”

ஒரு நாகரிகத்துக்கு இந்தக் கதியா என்று வரலாறு படித்தவள் வருந்தியிருக்க வேண்டும். எனக்கோ, அவளுடைய அம்மா வீட்டிலேயே கிடக்கவில்லை என்பதுதான் காதில் விழுந்தது.

இப்போதெல்லாம் பழங்காலத் தூண், வாசல் என்று யோசனை கேட்டு எவர் வரைபடம் நீட்டினாலும் முகப்பைப் பார்ப்பதில்லை. பெண்கள் எங்கே போவார்கள் என்றுதான் கேட்கிறேன். போன வாரம் ஏர்பேட்டில் ஓர் இளம் பொறியாளப் பெண், நான் வாய் திறப்பதற்குள், அந்த இடத்தில் தானே விரலை வைத்துக் காட்டினாள்.