திருத்தி எழுதும் வரை

சாந்தோம், 8 ஜூலை 1947, செவ்வாய்

கேஸில் ஜெயித்துவிட்டு வந்து மகளின் பெட்டியை அடுக்குகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தகப்பனை இழந்த பிலோமினா இனிப் பெரியப்பா வீட்டில்தான் வளர வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். அவளை ஒப்படைக்க நாளை கெடு. இன்று அப்பீலில் ஜட்ஜ் அதை மாற்றினார். பிள்ளை தாயிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடையாற்றில் பெரியப்பா வீட்டுக்குப் போய்வரட்டும் என்றார். என் காதாலேயே கேட்டேன். வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகமோ மலரவில்லை.

“வாயால சொன்னது போறாதும்மா. அது எழுத்துல வந்து, கீழ்க்கோர்ட்ல பழைய உத்தரவைத் திருத்தற வரைக்கும் பழசுதான் நிக்கும். நாளைக்குக் குழந்தையை அனுப்பலேன்னா நீங்கதான் கோர்ட்டை மீறினவாளா ஆயிடுவேள்.”

“எத்தனை நாளைக்கு ஐயா?”

“நகல் எடுக்கணும், சீல் போடணும். சொல்லத் தெரியலை.”

கோர்ட் வாசலில் பிலோமினாவின் பெரியப்பா, “காலையில வண்டி அனுப்புறேன்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பிள்ளையின் மார்க்கைத் திருத்தினால் அந்த நிமிடமே அது பாஸ். இவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை படி?

பெட்டியில் இரண்டே கவுன் வைத்தேன். “சீக்கிரம் வந்துடுவே கண்ணு” என்றேன்.

“நாமதானே ஜெயிச்சோம்? அப்புறம் நான் ஏம்மா போவணும்?”

பின்னியிருந்த அவள் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

இப்போதுதான் பார்க்கிறேன். பெட்டியின் மேல் அவளுடைய தலையணை இருக்கிறது. எப்போது எழுந்து வந்து வைத்தாளோ. வெறும் பாயில் தலை வைத்துத் தூங்குகிறாள்.