சுகம் தராத மருந்தைப் பற்றி உங்கள் பேத்தி எழுதியது

இன்று தபாலில் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கத்தரிக்கோலால் உறையை வெட்டியதும் புதுத்தாளின் மணமும் அச்சு மையின் மணமும் சேர்ந்து எழும்பின. நம் பேத்தி துளசி படித்த மருத்துவப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒருமுறை அச்சடிக்கும் புத்தகம் அது. அங்கே உள்ளவர்கள் அந்த வருடம் என்னென்ன ஆராய்ந்தார்கள், எங்கெங்கே எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்குமாம். ஒல்லியான புத்தகம். சின்ன இடம்தானே. அவள் ஒரு பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தாள். அந்தப் பக்கத்து எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு வரியில் இங்கிலீஷ் எழுத்தில் உங்கள் பெயர் இருந்ததை உடனே கண்டுகொண்டேன். உங்கள் மருந்துப் போத்தல்களில் எத்தனை வருடம் பார்த்த எழுத்து!

நம் வழக்கப்படி துளசியின் பெயரோடு அவளுடைய தகப்பனின் பெயர்தான் வரவேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபோது மகனின் பெயரோடு ஒட்டியிருந்த உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். அது பேத்திக்கும் இறங்கிவிட்டது. நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். "நான் பள்ளிக்கூடத்திலை வாங்காத பேரை அவள் எனக்கு வாங்கித் தாறாள்" என்பீர்கள்.

ஆனால் அவள் ஜப்பானுக்குப் போகப் புறப்பட்டபோது நீங்கள்தான் முதலில் முகத்தைச் சுளித்தீர்கள். மொன்றியலில் இல்லாத படிப்பா என்று கேட்டீர்கள். அவள் அங்கிருந்து அனுப்பிய பல்கலைக்கழகப் படத்தைப் பார்த்துவிட்டு, மகன் வேலை செய்யும் சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலை இதைவிடப் பெரிது என்றீர்கள். அவள் என்ன ஆராய்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் வாயை மூடினீர்கள். சிறுநீரகம் பழுதாகி, மெஷினில் இரத்தம் சுத்தம் செய்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் அரித்துக் கடிக்குமே, அந்தக் கடிக்கு மருந்து. சீப்பாலும் கரண்டிக் காம்பாலும் நீங்கள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். கோயிலில் நான் பெருமையாகச் சொன்னபோது ஒருத்தி, "சொறிக்கும் ஒரு பட்டமோ?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உங்களிடம் குறைப்பட்டேன். "அவளுக்கு ஒருநாள் கடிச்சுப் பாக்கட்டும்" என்றீர்கள்.

அந்த மாசிப் பனியில், இனி மெஷினுக்குப் போகமாட்டேன் என்று நீங்கள் டொக்டரிடம் சொன்னீர்கள். அவர் மூன்று விதமாகக் கேட்டும் நீங்கள் மாறவில்லை. மெஷினை நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று அவர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். அந்தக் கிழமைதான் துளசி தன் ஆராய்ச்சியைப் பேராசிரியர்கள் முன் வைத்துப் பேசவேண்டியிருந்தது. அது சரிவந்தால்தான் பட்டம்.

மகன் ஒரே பிடியில் நின்றான். "பிள்ளைக்கு இப்ப சொல்லக்கூடாது. எல்லாம் முடியட்டும், பேந்து சொல்லுவம்." அவனைக் குறை சொல்ல முடியாது. நம் சனம் அப்படித்தானே. பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் செத்தவீட்டைக்கூட மறைப்போம், பிறகு அதைப் பிள்ளையின் நன்மைக்கென்று சொல்லிக்கொள்வோம். நானும் தலையாட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லை. அவளுடைய பெயரை ஒருமுறையும் எடுக்கவில்லை, கூப்பிடு என்றும் சொல்லவில்லை. "அங்கை இப்ப விடிஞ்சிருக்குமோ?" என்று மட்டும் கேட்பீர்கள். காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். எங்கே என்று நானும் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் நாக்குத் தடுமாறத் தொடங்கியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் கண் மூடிப்போனது. இன்றைக்கு விட்டால் இவரோடு அவள் கதைக்க நாளில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் தெருவில் பனி அள்ளும் வண்டியின் சங்கு ஊதியது. மகன் பதறி எழும்பினான், தெருவில் விட்ட காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவன் லிப்டுக்குள் போன சத்தம் கேட்டதும் நான் கட்டில் பக்கத்து ரெலிபோனை எடுத்தேன். தெருமூலைத் தெப்பனர் கடையில் வாங்கிய போன் கார்ட் கைப்பையில் இருந்தது. கார்ட்டின் நீள இலக்கத்தை ஒருதரம் பிழைவிட்டு மறுபடி அழுத்தினேன். துளசியின் கைத்தொலைபேசி அணைந்திருந்தது. அவள் எழுதித் தந்த ஆய்வுகூட இலக்கம்தான் மிச்சம்.

ஒரு ஆண்பிள்ளை எடுத்தான். "துளசி, துளசி" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். கீழே சங்கு நின்றுவிட்டது. மகன் எந்த நேரமும் கதவைத் திறக்கலாம். அந்தப் பிள்ளை பொறுமையாக, "ஃபேமிலி நேம்?" என்று கேட்டான். அது எனக்குத் தெரிந்த சொல். ஆஸ்பத்திரி மேசைகளில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். நான் பதில் சொல்லாமல் உங்கள் அட்டையை நீட்டிவிடுவேன். கட்டின நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இஞ்சாருங்கோ" என்றால் போதுமாயிருந்தது. ரெலிபோனில் அட்டையை எப்படி நீட்டுவது?

சொன்னேன். முதல் தரம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் உரத்துச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை "ஆ!" என்று உங்கள் பெயருக்குப் பின்னால் அவர்கள் மரியாதைக்குச் சொல்லும் ஒரு "சான்" சேர்த்துச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஓடினான். நான் திரும்பிப் பார்த்தால் நீங்கள் கண் திறந்திருந்தீர்கள்.

"ஆர் என்னைக் கூப்பிட்டது?" என்றீர்கள்.

"நான்தான். பிள்ளையோடை கதையுங்கோ."

துளசி வந்து எடுத்ததும் அவளிடம் ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன். மெஷினை நிறுத்தியாயிற்று, அப்பப்பா இனி அதிக நாள் இருக்கமாட்டார், நீ வருவதோ நிற்பதோ உன் முடிவு என்றேன். அவள் அழுதது எனக்குக் கேட்டது. பிறகு ரெலிபோனை உங்கள் காதில் வைத்தேன். நானும் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"என்ன, சொறிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டியோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை அப்பப்பா. நாங்கள் பூசிப் பாத்த மருந்தாலை ஒருத்தருக்கும் சுகம் வரேல்லை. வரேல்லை எண்டுதான் எழுதியிருக்கிறன்."

இத்தனை வருடப் படிப்பு, கடைசியில் இல்லை என்று சொல்லத்தானா? இதைக் கேட்கவா இவளைக் கூப்பிட்டேன்?

"வரேல்லை எண்டு எழுதினியோ?" என்றீர்கள் மெல்ல. "அப்ப நல்ல வேலைதான் செய்திருக்கிறாய். இனி ஒருத்தரும் அதைப் பூசி ஏமாற மாட்டினம். நான் எத்தினை பூசி ஏமாந்தனான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "போய் நிண்டு உரத்துக் கதை. வெக்கப்படாதை" என்றீர்கள்.

மகன் தலையில் பனியோடு வாசலில் நின்றான். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். அவன் வந்து உங்கள் கால்மாட்டில் இருந்தான். ரெலிபோன் வைத்த பிறகு, "அவள் குழம்பிப்போனால் நீங்கள்தான் பொறுப்பு அம்மா" என்று மட்டும் சொன்னான். "ஓம்" என்றேன்.

துளசி குழம்பவில்லை. அழுது வீங்கின முகத்தோடுதான் பேராசிரியர்கள் முன் நின்றாளாம். இந்த மருந்தால் பலன் இல்லையென்றால் இதை எதற்கு எழுதினாய் என்று ஒருவர் கேட்டாராம். நீங்கள் சொன்னதையே அவள் ஜப்பானிய மொழியில் சொன்னாளாம். யார் சொன்னது என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் மொன்றியலில் வந்து இறங்கியபோது நீங்கள் இல்லை. உங்கள் முகத்தைப் பெட்டியில்தான் பார்த்தாள். ஆனால் உங்களிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் பார்த்தாள். அப்பப்பாவோடு கதைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று தகப்பனிடம் சொன்னதும் அவளே. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

நீங்கள் போன பிறகு என்னிடம் நின்றது இதுதான். பிள்ளைகளிடம் எதையும் பேந்து சொல்லுவம் என்று தள்ள இப்போது எனக்கு மனம் வருவதில்லை. போன கிழமை கீழ்வீட்டு மன்னார்ப் பெண் ரோசலின் வந்தாள். அவளுடைய தாய் நோய் முற்றிக் கிடக்கிறார், அவளுடைய மகன் ரொறொன்ரோவில் கடைசிப் பரீட்சை எழுதுகிறான். மறைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் நிற்கிறார்களாம். "நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்குச் சொல்லு. வாறதை அவன் முடிவெடுக்கட்டும்" என்றேன்.

அவள் ரெலிபோனை எடுத்து என்னிடமே நீட்டினாள். இலக்கங்களை அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். அங்கே மணி அடிக்கத் தொடங்கியதும் ரெலிபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.