கிட்டப் போக ஒரு குண்டு

பிக் ஹோல் பள்ளத்தாக்கு, மொன்டானா
வியாழன் இரவு

அன்புள்ள நெல்ஸ் அண்ணா,

அலாஸ்காக் கடலில் நண்டுக் கூண்டுகளை இழுத்துக்கொண்டிருக்கும் உனக்கு, விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பி எழுதுகிறேன். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா கீழே படுத்திருக்கிறார். அவர் புரளும்போது கட்டில் முனகுகிறது. முனகல் கேட்டதும் விளக்கின் மேல் என் ஸ்வெட்டரைப் போட்டு மூடிவிடுகிறேன். உனக்கு எழுதக் கூடாது என்பது அவர் உத்தரவு. "அவனுக்கு ஒரு வரி போச்சுன்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவான். நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டார்.

அதனால் அவர் மறைக்கச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடைத் தொடக்கத்தில் செங்குதிரை சரிவில் உருண்டது. அப்பா அதன் அடியில் அகப்பட்டார். இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு ஊன்றுகோல்களோடு வீட்டிலிருந்து பட்டறை வரை நடக்கிறார். உன்னிடம் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துப் பேசினாரே, அன்றைக்கு நான்தான் அவர் காதில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஓடி வர வேண்டும் என்று இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை.

இந்த வருஷ வேட்டைக் குலுக்கலில் பெண் எல்க் மான் ஒன்றுக்கு எனக்கு அனுமதி விழுந்திருக்கிறது. சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. அனுமதி யார் பேரிலோ அவர்தான் குண்டைத் தேர்ந்தெடுத்து, தன் கையால் தோட்டா அடைக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். இந்த வருஷம் அப்பா என்னைக் கேட்கவே இல்லை. படுத்த படுக்கையாக இருந்தபோதே ஒரு குண்டை வரவழைத்துவிட்டார். ஊசி மாதிரி நீண்ட மூக்கு, உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புத் தோல். காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் போகிற குண்டு. பாதை முடியும் மேட்டில் வண்டியை நிறுத்தி, பள்ளத்தைத் தாண்டி எதிர்மலைப் புல்வெளியில் மேய்வதைச் சுடுவதற்கு. எழுநூறு கஜம். எழுந்து உட்காரத் தொடங்கியதிலிருந்து அதற்குத்தான் பழக்கினார். இரும்புத் தகட்டை அடிக்கிறேன் அண்ணா, தவறுவதே இல்லை.

ஒரு நாள் அப்பா சுட்டார், நான் பின்னால் உட்கார்ந்து பெரிய தொலைநோக்கியில் பார்த்தேன். குண்டு போகிற வழி தெரிந்தது! தெளிந்த தண்ணீரில் மீன் போனால் மேலே ஒரு நெளிவு தெரியுமே, அப்படி ஆகாயமே நெளிந்தது. வானவில் போல எழும்பி, வளைந்து, தகட்டில் இறங்கியது. அதற்கப்புறம் நெடுநேரம் கழித்துத்தான் 'டிங்' என்று கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதையெல்லாம் பார்த்த நீ ஏன் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை?

ஆனால் அன்றுதான் பயமும் வந்தது. குண்டு போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது. தகடு அந்த நொடியில் நகராது. எல்க் ஓர் அடி எடுத்து வைத்தால்? நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும். பள்ளத்தில் காற்று வேறு இக்கரையில் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம், அக்கரையில் ஒரு பக்கமாக வீசுகிறது.

போன வருஷம் வெர்னா அத்தை வீட்டு விருந்தாளி அதே மேட்டிலிருந்து ஒரு கொம்பனை, பெரிய ஆண் எல்க்கை, சுட்டார். அவரிடம் இருந்தது கெட்டியான செம்புக் குண்டு. அவ்வளவு தூரம் போய் வேகம் செத்ததும் அது விரியவில்லை. தையல் ஊசி துணியில் போவது போல ஊடுருவிப் போய்விட்டது. ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் நடந்தோம். பிறகு பனி பெய்து எல்லாவற்றையும் மூடியது. வசந்தத்தில் வெர்னா அத்தை எலும்பைத்தான் கண்டெடுத்தாள்.

பட்டறை மேல்தட்டில் நீ விட்டுப்போன செம்புக் குண்டுப் பெட்டி பாதி இருக்கிறது. அப்பா மருத்துவரிடம் போன நாளில் நான் சோதித்துப் பார்த்தேன். பால் ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தேன். தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்து அடைத்தால் பக்கத்திலிருந்தே தூரத்து வேகம் கிடைக்கும் என்று சொன்னாயே, அதேபோலச் செய்தேன். மெதுவாகப் போன செம்பு எல்லா ஜாடியையும் துளைத்து, பின்னால் வைத்திருந்த வைக்கோல் கட்டுக்குள் மூக்கு மூடியபடியே கிடந்தது. முழு மருந்தோடு கிட்டத்தில் சுட்டபோது பூவாக விரிந்தது. அப்பாவின் குண்டு நேர்மாறு. தூரத்து வேகத்தில் அழகாக விரிகிறது. கிட்டத்தில் முதல் ஜாடியிலேயே சிதறித் தூள் தூளாகிவிட்டது. தோள் எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆக, குண்டைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கிட்டப் போவது என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். எனக்குக் கிட்டப் போக வேண்டும். அதற்குச் செம்புதான் வேண்டும். பள்ளத்தில் இறங்கி, எதிர்மலை ஏறி, நடந்து போக வேண்டும். வெர்னா அத்தை கோவேறு கழுதையோடு வரத் தயார்.

அப்பாவால் இறங்க முடியாது. அந்த மேட்டுக்கு மட்டும்தான் வண்டி போகும். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டைக்கு வரக்கூடிய ஒரே இடம் அது. அதனால்தான் அந்தக் குண்டு. நான் செம்பை எடுத்தால், 'நீங்கள் வர வேண்டாம்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும்.

சத்தமில்லாமல் மாற்றவும் வழியில்லை. துப்பாக்கியின் குறி அவர் குண்டுக்கு வைத்தது. வேறு குண்டு வேறு இடத்தில் போய் விழும். சுட்டுப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். சுட்டால் அவருக்குக் கேட்கும். நாளை ஒரு நாள்தான் மிச்சம்.

கட்டில் முனகுகிறது. நிறுத்துகிறேன். நீ இங்கே இருந்தால் என்ன செய்வாய்?

உன் பயந்த தங்கை,
லின்னியா

*

ஞாயிறு இரவு

அன்புள்ள நெல்ஸ் அண்ணா,

முதல் கடிதத்தைத் தபாலில் போடத் துணிச்சல் வரவில்லை. இதோடு சேர்த்தே அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படுத்து, செம்பில் ஒன்று சுட்டேன். பின்னால் ஊன்றுகோல் சரளையில் குத்தும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதும், தொலைநோக்கியைத் திருகுவதும் கேட்டது.

"ரெண்டு இஞ்சு மேல. இடது வலது சரியாருக்கு" என்றார்.

குறியைத் திருத்திவிட்டு இன்னொன்று சுட்டேன்.

"இப்ப சரி. இன்னொண்ணு போடு, பாப்போம்."

மூன்றாவது குண்டு இரண்டாவதை உரசிக்கொண்டு விழுந்தது. பிறகு, "இத வச்சு நானூறுக்கு மேல சுடக் கூடாது. தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப கீழ எறங்கணும்." ஆமாம் என்றேன். "சரி. நான் மேட்டுல இருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் அண்ணா. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சனிக்கிழமை அப்பாவை மேட்டில் உட்காரவைத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்கு முன்பே நானும் வெர்னா அத்தையும் இறங்கினோம். புல்லெல்லாம் உறைபனியில் கண்ணாடிபோல் நொறுங்கியது. நான் நடுங்குவதைப் பார்த்து வெர்னா அத்தை காதருகில் வந்து, "ஏண்டி, நனஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி வெடவெடங்குற? எல்க்குதான் ஒன்னப் பாத்து பயப்படணும். நீ அதப் பாத்து பயந்தா யாரு யாரடி சுடறது? இந்தக் கழுதயப் பாரு, பாதிரியார் கணக்கா எப்படி நிக்குதுன்னு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

காற்று எங்கள் முகத்தில் அடித்தது. மரங்களுக்குள் தவழ்ந்து போனோம். அப்போது ஒரு கொம்பன் கூவியது. தூரத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிட்டத்தில் அது காதால் கேட்கிற சத்தமே இல்லை. புல்லாங்குழலாகத் தொடங்கி, விசிலாக உயர்ந்து, கடைசியில் என் விலா எலும்புக்குள் உறுமியது. அது மரங்களை விட்டு வெளியே வந்து நின்றது. முதுகிலிருந்து ஆவி எழும்பியது. கொம்பின் நுனிகளில் மட்டும் முதல் வெயில் பட்டது. மேட்டிலிருந்து பார்த்தால் பழுப்பாக ஒரு புள்ளிதான் தெரிந்திருக்கும். இங்கே அது மூச்சு விடுவது கேட்கிறது. மலைக்கே உயிர் வந்து எங்களைப் பார்ப்பது போலிருந்தது. நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வெர்னா அத்தைகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள், நம்புவாயா?

அதன் பின்னால் பெண் எல்க்குகள் வந்தன. கன்றில்லாத ஒன்று தனியாக ஒதுங்கி, சற்றே திரும்பி நின்றது. அத்தை என் தோளைத் தொட்டாள். நூற்றைம்பது கஜம்கூட இருக்காது. மூச்சை விட்டேன், சுட்டேன். அது நாலு எட்டு நடந்து, களைத்தவள் உட்காருவது போல முட்டியை மடித்துப் படுத்தது. எழவே இல்லை. பக்கத்தில் போய்க் கை வைத்தேன். அடுப்பு மாதிரி சூடு. நான் அழுதேன். வெர்னா அத்தை கேலி செய்யாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் குண்டு கிடைத்தது. நாலு இதழாக விரிந்திருந்தது.

இறைச்சியைக் கழுதை மேல் ஏற்றி நாங்கள் மேட்டுக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. அப்பா விடியலிலிருந்து பெரிய தொலைநோக்கியோடு அதே இடத்தில்தான் இருந்தார். காபிக் குடுவையைத் திறக்கவேயில்லை.

"ஒவ்வொரு எட்டும் பாத்தேன். நீ தவழ்ந்தது, அந்தக் கொம்பன் வந்து நின்னது, எல்லாம் பாத்தேன்" என்றார். "மொதல்ல அது ஒடம்பு குலுங்குச்சு. அப்புறந்தான் சத்தம் வந்துச்சு. நடுவுல ஒலகமே மூச்ச நிறுத்துன மாதிரி இருந்துச்சு கண்ணு. இத்தன வருசத்துல எப்பவும் துப்பாக்கிக்குப் பின்னாலயே கெடந்தேன். இத ஒரு நாளும் பாத்ததில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்றார்.

குண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெயில் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்து, "அவன் பெட்டிக் குண்டுதான? அவனுக்கே அனுப்பிரு" என்றார். நான் விறைத்துப் போனேன். அவர் வண்டியில் ஏறக் கையை நீட்டிக்கொண்டே, "வெளக்கு மேல துணியப் போட்டு எழுதாத. வீடு பத்திக்கும்" என்றார்.

அதனால் இன்று விளக்கை மூடாமல் எழுதுகிறேன். கீழே கட்டில் முனகுகிறது. முனகட்டும்.

குண்டை என் சாக்ஸில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். முதுகுக் கறியில் நல்ல துண்டாக ஒன்றை அப்பாவே பொதிந்து உறைபெட்டியின் அடியில் வைத்தார். மேலே கொட்டை எழுத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறார். அதை யாரும் தொடக் கூடாதாம். எப்போது வருவாய் என்று அவர் கேட்க மாட்டார். நானும் கேட்கவில்லை. கறி உறைபெட்டியில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது உனக்கே தெரியும்.

கடல் உன்னிடம் கருணையாக இருக்கட்டும் அண்ணா. விரல்கள் பத்தோடும் வந்து சேர்.

உன் தங்கை,
லின்னியா