போலீஸ் வசனம் உனக்கு, திருடி வசனம் எனக்கு

தேகு, தென் கொரியா, மார்ச் 4

என் நாரே அக்காவுக்கு,

விசா வந்துடுச்சு!!! மே மாசம் நானும் கனடா வர்றேன். என் பெட்டிக்கு இடம் வச்சிரு.

ஒரே இங்கிலீஷ் படத்தை வசனம் பேசிப் பேசி மென்னு முழுங்கினா இங்கிலீஷ் வந்துடும்னு நெட்ல படிச்சு ஆரம்பிச்சோமே, இன்னும் விடல. நீ இல்லாததால விசாரணைக் காட்சியில உன் போலீஸ் வசனத்தை டிவி பேசுது. என் திருடி வசனம் வர்றப்ப சத்தத்தை அணைச்சுட்டு நான் பேசறேன். வீடியோ எடுத்து நம்ம இங்கிலீஷ் கத்துக்கிற குழுவுல போட்டேன், லைக் கொட்டுது! அப்பாதான் கதவைத் தட்டி, "ஏம்மா, இத்தனை மாசமா விசாரிக்கிறீங்களே, அந்த நகை இன்னும் கிடைக்கலையா?"ன்னாரு.

உன் செல்லத் திருடி,
யெரின்

*

கால்கரி, மார்ச் 12

அன்புள்ள யெரின்,

உன் அப்பா கேட்டதைப் படித்துச் சிரித்தேன். எந்தத் தேதியில் வருகிறாய்? டிக்கெட் எடுத்தாயா? அம்மா சம்மதித்தாரா?

எனக்கு ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. முதல் நாள் கல்லாவில் நின்றேன். வந்த அம்மாள் அன்பாகத்தான், "எந்த ஊரும்மா நீ? குளிர் தாங்குதா?" என்றார். கேள்வி கேட்கிற பக்கத்தை மட்டும்தானே நான் படித்தேன்! வாயில் வந்தது, "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" அதுவும் படத்தில் வருகிற அதே மிரட்டல் குரலில். அவர் ரொட்டியை வைத்துவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது உள்ளே மாவு பிசைகிறேன். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. வாடகை கூடுதல்தான், இருந்தும் இரண்டு கட்டில் உள்ள அறையாக எடுத்திருக்கிறேன். வந்துவிடுவாய்தானே?

நாரே

*

தேகு, ஏப்ரல் 2

அக்கா அக்கா அக்கா!

ஒரு பெரிய ஹோட்டல் ரிசப்ஷன் வேலைக்கு இங்கிலீஷ்ல இண்டர்வியூ. சும்மா பழக்கத்துக்குத்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேர், கேள்வி மேல கேள்வி. அப்படியே நம்ம விசாரணை அறை! நான் கண்ணு சிமிட்டாம பதில் சொல்லிட்டே இருந்தேன். "வெளிநாட்டுல எத்தனை வருஷம் இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க, என்னைய! கடைசியா "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"ன்னப்பதான் முழிச்சேன். கேக்கறது உன் பக்கத்து வசனமாச்சே!

ஆனாலும் எடுத்துட்டாங்க! நிரந்தர வேலை! அப்பா தெருவுக்கே பொரிச்ச கோழி வாங்கினாரு. திங்கக்கிழமை சேர்றேன். கனடா பத்தி அப்புறம் எழுதறேன்.

யெரின்

*

கால்கரி, ஏப்ரல் 9

அன்புள்ள யெரின்,

நல்ல செய்தி. அப்பாவுக்கு என் வணக்கம் சொல். முதல் நாள் நின்றே கால் வலித்திருக்குமே, தாழ்ந்த செருப்பு போட்டுக்கொள்.

மே மாதம் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். உன் மின்னஞ்சல்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கோபம் இல்லை. படித்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நாரே

*

தேகு, ஏப்ரல் 20

அக்கா,

நான் வரல. அதை எழுத முடியாம கோழிக் கதையெல்லாம் எழுதினேன்.

ரிசப்ஷன்ல நாள் பூரா நான்தான் கேக்கணும். பேரு என்ன, எத்தனை நாள் தங்குவீங்கன்னு. அதனால உன் பக்கத்து வசனத்தை இப்பத்தான் படிக்கிறேன். நீ இந்தப் பக்கத்தைப் பேசிப் பேசித்தான் என்கிட்டயும் எப்பவும் கேட்டுட்டே இருந்தியோ என்னவோ. நான் சொல்லிட்டே இருந்தேன்.

இப்ப நான் கேக்கறேன். சாப்பிட்டியா? யார்கூட சாப்பிட்ட? கை வலிக்குதா? அழுதியா? திரும்பி வந்துடலாம்னு தோணுதா? என்கிட்ட மழுப்பாத.

யெரின்

*

கால்கரி, ஏப்ரல் 21

யெரின்,

சாப்பிட்டேன். தனியாகத்தான். கை வலிக்கிறது, இடது மணிக்கட்டு. உனக்கு வேலை கிடைத்த மின்னஞ்சல் வந்த அன்று அழுதேன். திரும்பி வரலாம் என்று தினமும் தோன்றுகிறது, வர மாட்டேன். அந்த இன்னொரு கட்டிலுக்கு வாடகைக்கு ஆள் தேடுகிறேன்.

இன்னும் என்ன? கேள்.

நாரே அக்கா